கஸ்டிஸ் குடும்பச் சொத்தும் அதில் சேர்க்கப்பட்ட மனிதர்களும்: வர்ஜீனியாவில் நூறு வருடம் இழுத்த விவகாரம்

ஜார்ஜ் வாஷிங்டன் சாகும்போது தன் அடிமைகளை விடுவித்துவிட்டார் என்று ஒரு வரி எல்லா இடத்திலும் ஓடும். அது பாதி உண்மை. கணக்குப் பார்த்தால் பாதிகூட இல்லை. 1799இல் அவரே எழுதிவைத்த பட்டியல்படி மவுண்ட் வெர்னன் பண்ணைகளில் இருந்த அடிமைகள் 317 பேர். அவருக்குச் சொந்தமானவர்கள் 123 பேர்தான். 153 பேர் அவர் மனைவி மார்த்தாவின் முதல் கணவர் வீட்டுச் சொத்து, அதாவது கஸ்டிஸ் குடும்பத்தின் கணக்கில் இருந்தவர்கள். மிச்சம் பேர் வாடகைக்கு எடுத்தவர்கள். அந்த 153 பேர் விஷயத்தில் வாஷிங்டனின் உயில் செல்லாது. காரணம் அவர் மனசு இல்லை, பத்திரம்.

அந்தப் பத்திரப் பக்கத்தைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். ஏனென்றால் அதே குடும்பச் சொத்து இரண்டு தலைமுறை கழித்து இன்னொரு ராணுவக்காரர் கைக்கு வருகிறது, அவர் பின்னாளில் உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்களின் படைத்தலைவரான ராபர்ட் ஈ. லீ, அங்கேயும் அதே சிக்கல், இந்தத் தடவை விவகாரம் நீதிமன்றம் வரைக்கும் போகிறது.

முதலில் சொத்து எப்படி உருவானது என்று பார்ப்போம். மார்த்தாவின் முதல் கணவர் டேனியல் பார்க் கஸ்டிஸ் வர்ஜீனியாவின் பெரிய பணக்காரர்களில் ஒருவர். 1757 ஜூலையில் உயில் எழுதாமலே இறந்துவிட்டார். கிட்டத்தட்ட 18,000 ஏக்கர் நிலம், முந்நூறை நெருங்கும் அடிமைகள், 26 வயது விதவை, இரண்டு சின்னப் பிள்ளைகள். உயில் இல்லாததால் சட்டம்தான் பங்கு பிரித்தது. மூன்றில் ஒரு பங்கு விதவைக்கு, மற்றது பிள்ளைகளுக்கு. ஆனால் விதவைக்கு வந்த அடிமைகள் அவள் ஆயுள் வரைக்கும்தான். நம் ஊர் செட்டில்மென்ட் பத்திரங்களில் "தன் ஆயுட்காலம் வரை ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது, விற்கவோ அடமானம் வைக்கவோ வேறு எவ்வித வில்லங்கத்துக்கும் உட்படுத்தவோ பாத்தியதை இல்லை, தன் காலத்துக்குப் பின் வாரிசுகளைச் சேரும்" என்று எழுதுவார்களே, கிட்டத்தட்ட அதேதான். நாம் அப்படி எழுதுவது வீட்டையும் தோப்பையும். அங்கே எழுதியது சமையல்காரியையும் தையல்காரியையும் அவர்கள் வயிற்றில் வளரும் பிள்ளையையும்.

கறாராகச் சொன்னால் இது டிரஸ்ட் பத்திரம் கிடையாது, விதவைப் பங்கு. ஆனால் நடைமுறையில் டிரஸ்ட் மாதிரிதான் வேலை செய்தது: அனுபவிப்பது ஒருத்தர், மூலச் சொத்து வேறு யாருடையதோ, நடுவில் கணக்குக் காட்ட ஒரு நிர்வாகி. 1759 ஜனவரியில் மார்த்தாவைக் கல்யாணம் செய்துகொண்ட வாஷிங்டன் அந்த நிர்வாகி ஆனார். மார்த்தாவின் பங்கில் வந்தவர்கள் அப்போது 84 பேர். நாற்பது வருடத்தில் அது 153 ஆனதற்குக் காரணம் வேறொன்றும் இல்லை, பிள்ளைகள் பிறந்தார்கள். தாய் யார் சொத்தோ பிள்ளையும் அவர்கள் சொத்து என்பதுதான் 1662 முதல் வர்ஜீனியாவின் சட்டம். அப்பன் யாராக இருந்தாலும் அது கணக்கில் வராது.

இன்னொரு பிரிவும் இருந்தது, அதைப் பலர் கவனிப்பதில்லை. 1705ஆம் வருடச் சட்டப்படி, விதவை தன் ஆயுள் பங்கில் உள்ள அடிமைகளை வாரிசின் சம்மதம் இல்லாமல் காலனியை விட்டு வெளியே அனுப்பினால் பங்கே பறிபோகும். யாரைக் காப்பாற்ற இவ்வளவு கவனம்? இன்னும் பிறக்காத பேரனைக்கூட. சட்டத்தின் அக்கறை முழுக்க அந்தப் பின்னுரிமைக்காரன், அதாவது ஆயுள் உரிமை முடிந்ததும் சொத்தைப் பெறப்போகிறவன் மேல்தான். நடுவில் வேலை செய்துகொண்டிருக்கும் ஆள் அந்தக் கணக்கில் ஒரு இலக்கம்.

ஓனா ஜட்ஜ்

இதெல்லாம் ஏட்டில் எப்படி இருந்தது என்பதைவிட ஒரு ஆள் மேல் எப்படி விழுந்தது என்று பார்த்தால் சீக்கிரம் புரியும். மார்த்தாவுடன் 1759இல் வந்த பெட்டி என்ற தையல்காரியின் மகள் ஓனா ஜட்ஜ். அப்பா ஆண்ட்ரூ ஜட்ஜ், ஒப்பந்தக் கூலியாக வந்த வெள்ளைக்காரத் தையல்காரர். தாய் கஸ்டிஸ் சொத்து என்பதால் மகளும் கஸ்டிஸ் சொத்து. வாஷிங்டன் ஜனாதிபதி ஆனதும் ஓனாவையும் கூட்டிக்கொண்டு போனார்கள், முதலில் நியூயார்க், அப்புறம் பிலடெல்பியா.

பிலடெல்பியாவில்தான் சிக்கல். பென்சில்வேனியாவின் 1780ஆம் வருடச் சட்டப்படி, வெளி மாநிலத்துக்காரர் கொண்டுவரும் அடிமை தொடர்ந்து ஆறு மாதம் அங்கே இருந்துவிட்டால் விடுதலை கேட்கலாம். 1791 ஏப்ரலில் வாஷிங்டன் தன் செயலாளர் டோபியாஸ் லியருக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. இரண்டு பேரைத் தவிர மற்ற எல்லாரும் மனைவி வழி வந்த அடிமைகள், அவர்கள் விடுதலையாகிவிட்டால் வேலையும் போகும், அவர்களுக்கான விலையையும் நான் கொடுக்க வேண்டி வரலாம், ஆகவே ஆறு மாதம் முடிவதற்குள் ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே அனுப்பிக் கூட்டி வா, அந்தச் சாக்கு அவர்களையும் ஊரையும் ஏமாற்றும்படி இருக்கட்டும் என்கிறார். நாட்டின் முதல் ஜனாதிபதி எழுதியது இது.

வாஷிங்டனுக்காகப் பேசுபவர்கள் அந்த விலை பற்றிய வரியைத்தான் பிடித்துக்கொள்வார்கள்: பார், அவர் கையில் இல்லை, குடும்பச் சொத்துக்குப் பொறுப்பாளி. சரி, பொறுப்பாளிதான். ஆனால் பொறுப்பாளி ஏமாற்றவும் வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை. "என் கையில் இல்லை" என்பது அவருக்குத் தடையாகவும் இருந்தது, வசதியாகவும் இருந்தது. எங்கே தடை முடிந்து வசதி ஆரம்பிக்கிறது என்பதுதான் இந்த நூறு வருடக் கதை முழுக்க நான் பார்ப்பது.

1796இல் மார்த்தாவின் பேத்தி எலிசாவுக்குக் கல்யாணம் ஆனது. ஓனாவை அவளுக்குக் கொடுத்துவிடப் போகிறார்கள் என்று தெரிந்தது. மே 21, வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்த நேரம். மவுண்ட் வெர்னன் போவதற்காக அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள், ஓனாவும் கட்டிக்கொண்டிருந்தார், வேறு திசைக்கு. கப்பல் ஏறி நியூ ஹாம்ப்ஷயரின் போர்ட்ஸ்மவுத் போய்ச் சேர்ந்தார். பிடித்துத் தருபவருக்குப் பத்து டாலர் என்று பத்திரிகையில் விளம்பரம் வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். போர்ட்ஸ்மவுத் சுங்க அதிகாரி ஜோசப் விப்பிள் ஓனாவைத் தேடிப்பிடித்துப் பேசினார். உங்கள் காலத்துக்குப் பிறகு விடுதலை என்று வாக்குக் கொடுத்தால் திரும்பி வர அவர் தயார் என்று மேலே எழுதினார். வாஷிங்டன் மறுத்துவிட்டார். விசுவாசமில்லாதவளுக்குச் சலுகை கொடுத்தால் அவளைவிடத் தகுதியான மற்றவர்கள் மனசு கெட்டுப்போகும் என்பது அவர் பதில். கவனியுங்கள், பத்திரத்தில் இடமில்லை என்று அங்கே அவர் சாக்குச் சொல்லவில்லை. 1799இல் மனைவியின் உறவினர் பர்வெல் பாசெட் மூலம் இன்னொரு முயற்சி நடந்தது, செனட்டர் ஜான் லாங்டன் வீட்டிலிருந்து முன்கூட்டியே தகவல் போய்விட்டதால் ஓனா தப்பித்தார்.

ஓனா 1848 வரை வாழ்ந்தார். கல்யாணம் செய்தார், மூன்று பிள்ளைகள் பெற்றார். சுதந்திர மாநிலத்தில் பிறந்த அந்தப் பிள்ளைகளும் சட்டப்படி கஸ்டிஸ் வாரிசுகளின் சொத்து. முதிய வயதில் அவரைப் பேட்டி கண்டவர், அங்கேயே இருந்திருந்தால் வசதியாக இருந்திருக்கலாமே, வருத்தம் இல்லையா என்று கேட்டார். இல்லை, நான் சுதந்திரமாக இருக்கிறேன் என்றார்.

1802 பாகப்பிரிவினை

வாஷிங்டன் 1799 டிசம்பரில் இறந்தார். உயிலில் தன் ஆட்களுக்கு விடுதலை கொடுத்தார், ஆனால் மார்த்தாவின் காலத்துக்குப் பிறகு. தன் தனி வேலைக்காரராக இருந்த அடிமை வில்லியம் லீ ஒருவருக்கு மட்டும் உடனடி விடுதலை, வருடம் 30 டாலர். கஸ்டிஸ் ஆட்களை விடுவிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்றும், இரண்டு தரப்பும் கல்யாண உறவால் கலந்துபோயிருப்பதால் ஒரு பக்கத்தை மட்டும் இப்போதே விடுவித்தால் மனவேதனை வரும் என்றும் உயிலிலேயே எழுதியிருந்தார். முதியவர்களுக்குச் சோறும் துணியும் என்ற அவர் ஏற்பாட்டின்படி 1833 வரை பணம் போனது. அதை மறுக்கவில்லை.

ஆனால் 123 பேரின் விடுதலை மார்த்தா செத்தால்தான் என்று எழுதிவைத்தது எப்படிப்பட்ட ஏற்பாடு! வீட்டைச் சுற்றி வேலை செய்யும் அத்தனை பேருக்கும் அந்த அம்மா கண்மூட வேண்டும். 1800 டிசம்பரில் மவுண்ட் வெர்னன் போன அப்போதைய ஜனாதிபதியின் மனைவி அபிகெய்ல் ஆடம்ஸ், தன் உயிர் அவர்கள் கையில் பத்திரமாக இல்லை என்று மார்த்தா நினைப்பதாகக் கடிதம் எழுதினார். 1801 ஜனவரி 1 அன்று மார்த்தா அவர்களை முன்கூட்டியே விடுவித்தார்.

அன்றைக்கு விடுதலையானவர்களில் தச்சர் ஐசக் ஒருவர். அவர் மனைவி கிட்டி, பால்பண்ணையில் வேலை. இருவருக்கும் ஒன்பது பெண் பிள்ளைகள். ஐசக் வாஷிங்டன் கணக்கு, கிட்டி கஸ்டிஸ் கணக்கு. ஆக ஐசக் சுதந்திர மனிதர், மனைவியும் ஒன்பது மகள்களும் அடிமைகள். பட்டியலில் எந்தப் பத்தியில் பெயர் இருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

1802 மே மாதம் மார்த்தா இறந்தார். அவருடைய ஆயுள் உரிமை அன்றோடு முடிந்தது, மூலச் சொத்து வாரிசுகளுக்குத் திரும்பியது. மகன் 1781இலேயே இறந்துவிட்டதால் பேரப்பிள்ளைகள் நாலு பேர்: எலிசா, மார்த்தா, நெல்லி, கடைக்குட்டி ஜார்ஜ் வாஷிங்டன் பார்க் கஸ்டிஸ். ஆட்கள் நாலு பங்காகப் பிரிக்கப்பட்டார்கள். வெவ்வேறு பங்கில் விழுந்தவர்கள் வெவ்வேறு வீட்டுக்குப் போனார்கள். இதில் எந்த வழக்கும் இல்லை, எந்த வாரிசும் சண்டை போடவில்லை, சட்டம் சொன்னது சொன்னபடி நடந்தது. மார்த்தாவுக்கென்றே முழுச் சொந்தமாக எலிஷ் என்று ஒரே ஒருவர் இருந்தார், யாரும் தடுக்க முடியாத சொத்து, நினைத்திருந்தால் விடுவித்திருக்கலாம். பேரனுக்கு எழுதிவைத்துவிட்டார். பத்திரம்தான் தடை என்ற வாதத்துக்கு எலிஷ் ஒருவர் போதும் பதில்.

லீயின் கைக்கு வந்தது

அந்தக் கடைக்குட்டிப் பேரன் பொட்டோமாக் நதியோரம் 1,100 ஏக்கரில் ஆர்லிங்டன் மாளிகையைக் கட்டினார். பாமங்கி நதிப் பக்கம் வைட் ஹவுஸ், ரோமன்கோக் என்று இன்னும் இரண்டு பண்ணைகள். சட்டப்படி வாரிசான ஒரே மகள் மேரி, மருமகன் ராபர்ட் ஈ. லீ. 1857 அக்டோபர் 10 அன்று கஸ்டிஸ் இறந்தபோது மூன்று பண்ணையிலும் சேர்த்து 196 அடிமைகள். உயில் 1855இல் எழுதியது. ஆர்லிங்டன் மேரிக்கு ஆயுள் வரை, பின்பு மூத்த பேரன் கஸ்டிஸ் லீக்கு (மறுபடியும் அதே ஆயுள் உரிமை). மற்ற இரண்டு பண்ணையும் மற்ற இரண்டு பேரன்களுக்கு. பேத்திகள் நாலு பேருக்குத் தலைக்கு 10,000 டாலர். கடன்கள் தீர்ந்து, பேத்திகளின் பணமும் கொடுத்து முடித்ததும் அடிமைகளுக்கு விடுதலை, அது தன் மரணத்திலிருந்து ஐந்து வருடத்தைத் தாண்டக் கூடாது.

இப்படி எழுதினால் சண்டை வராமல் இருக்குமா? ஒரே உயிலில் 40,000 டாலர் வரப்போகும் பேத்திகள், விடுதலை வரப்போகும் 196 பேர், நடுவில் கடன், பாழடைந்த பண்ணைகள், ரொக்கம் இல்லை. பேத்திகளின் பணம் யாருடைய உழைப்பிலிருந்து வர வேண்டும் என்பதை மாமனார் தெளிவாகச் சொல்லாமலே போய்விட்டார், ஆனால் எல்லாருக்கும் தெரியும். உயிலை நிறைவேற்றும் பொறுப்பு லீயின் தலையில் விழுந்தது. ராணுவத்தில் லீவு போட்டுவிட்டு வந்தார்.

அடிமைகளின் புரிதல் வேறு. கிழவர் போனால் நாம் சுதந்திரம் என்றுதான் எல்லாரும் நம்பியிருந்தார்கள், கஸ்டிஸே முன்பு அப்படிச் சொன்னதாக அந்த அடிமைகளில் ஒருவரான வெஸ்லி நாரிஸ் பின்னாளில் சாட்சி சொன்னார். லீ ஐந்து வருடக் கெடுவை மேல் எல்லையாக எடுத்துக்கொள்ளவில்லை, குறைந்தபட்சமாக எடுத்துக்கொண்டார். வேலையை இறுக்கினார், ஆட்களை வெளியூருக்கு வாடகைக்கு விட்டார், குடும்பங்கள் பிரிந்தன. 1858 மே மாதம் மகனுக்கு அவர் எழுதிய கடிதத்தில் ரூபன், பார்க்ஸ், எட்வர்ட் என்ற மூன்று பேர் தன் சொல் கேட்க மறுத்து, உன்னளவு சுதந்திரம் எங்களுக்கும் உண்டு என்று சொன்னதாகவும், அவர்களைப் பிடித்துச் சிறையில் போட்டதாகவும் வருகிறது. அந்த மூன்று பேர் சொன்னது கலகம் இல்லை, உயிலுக்கு அவர்கள் சொன்ன வியாக்கியானம். நீதிமன்றத்தில் அதை எடுத்து வைக்க அவர்களுக்கு வழியில்லை என்பதால் தோட்டத்தில் சொன்னார்கள்.

நீதிமன்றத்துக்குப் போனது லீ. எது முதலில்: பேத்திகளின் பணமா, விடுதலையா? பணம் தீரவில்லை என்றால் ஐந்து வருடத்துக்கு மேலும் வைத்துக்கொள்ளலாமா? கடைசியில் அவருக்குக் கிடைத்த பதில், பணம் பாக்கி இருந்தாலும் கெடு கெடுதான், தாண்ட முடியாது என்பது. எழுத்தில் இருந்த ஒரு வரி 196 பேரைக் காப்பாற்றியது. அந்த வரி இல்லாமல் "கடன் தீர்ந்ததும்" என்று மட்டும் இருந்திருந்தால் கடன் எப்போது தீரும்?

நாரிஸ் விவகாரத்தையும் சொல்லியாக வேண்டும். 1859இல் வெஸ்லி நாரிஸ், அவர் சகோதரி மேரி, ஒரு உறவினர், மூவரும் வடக்கே ஓடினார்கள். பென்சில்வேனியா எல்லைக்குச் சில மைல் முன்னால், மேரிலாந்தின் வெஸ்ட்மின்ஸ்டரில் பிடிபட்டார்கள். ஆர்லிங்டனுக்குக் கொண்டுவந்து கட்டிவைத்து ஆண்களுக்கு 50 கசையடி, மேரிக்கு 20. பண்ணைக் கண்காணிப்பாளர் அடிக்க மறுத்ததால் கான்ஸ்டபிள் டிக் வில்லியம்ஸை வைத்து அடித்தார்கள், லீ பக்கத்தில் நின்று நன்றாக அடி என்று சொன்னார், பிறகு முதுகில் உப்புத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். இது 1866இல் நாரிஸ் கொடுத்த வாக்குமூலம். அதே 1859 ஜூனில் நியூயார்க் டிரிப்யூன் பத்திரிகையில் பெயரில்லாத இரண்டு கடிதங்கள் வந்தன, விவரங்களில் கொஞ்சம் மாறினாலும் சாரம் அதேதான்.

லீயின் அபிமானிகள் ரொம்ப காலம் இதை அடிமை ஒழிப்புக்காரர்களின் கட்டுக்கதை என்றே ஒதுக்கினார்கள். லீ பொதுவில் மறுப்பு வெளியிடவில்லை. மகனுக்கு எழுதியபோது, டிரிப்யூன் என்னைத் தாக்கியிருக்கிறது, நான் பதில் சொல்லப் போவதில்லை, உன் தாத்தா எனக்கு ஒரு கசப்பான சொத்தை விட்டுப் போயிருக்கிறார் என்றார். ஆனால் அவர் கணக்குப் புத்தகம் பேசியது. ஓடிப்போன அடிமைகளைப் பிடித்தது முதலான செலவுக்கு ரிச்சர்ட் வில்லியம்ஸ் என்பவருக்கு 321 டாலர் 14 சென்ட் கொடுத்த பதிவு அதில் இருக்கிறது. நாரிஸ் சொன்ன கான்ஸ்டபிளின் பெயரும் அதுதான், டிக் என்பது ரிச்சர்டின் செல்லப்பெயர். குடும்பச் சொத்துக் கேஸ்களில் உண்மை பெரும்பாலும் செலவுக் கணக்கில்தான் மாட்டும்.

கெடு 1862 அக்டோபர் 10. அதற்குள் உள்நாட்டுப் போர் வந்து, ஆர்லிங்டன் வடக்கு ராணுவத்தின் கையில், வைட் ஹவுஸ் பண்ணை வீடு எரிந்து சாம்பல், பலர் ஏற்கெனவே தாங்களே கிளம்பிப் போய்விட்டார்கள். லீ விடுவிப்புப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது டிசம்பர் 29, கெடு தாண்டி இரண்டரை மாதம் கழித்து, லிங்கனின் விடுதலைப் பிரகடனத்துக்கு மூன்று நாள் முன்னால். சார்ல்ஸ் சைஃபாக்ஸ், செலினா கிரே, தார்ன்டன் கிரே, அவர்கள் பிள்ளைகள் என்று பெயர் பெயராக அதில் வருகிறது. போருக்கு நடுவிலும் உட்கார்ந்து அதை எழுதினார் என்று பாராட்டுபவர்கள் உண்டு. நீதிமன்றம் சொன்ன பிறகு எழுதினார் என்பதையும் சேர்த்துச் சொன்னால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

மிச்சம் நிலம். ஆர்லிங்டன் மேல் 92 டாலர் 7 சென்ட் வரி பாக்கி. மேரி லீ ஒரு உறவினரிடம் பணம் கொடுத்தனுப்பினார், உரிமையாளர் நேரில் வர வேண்டும் என்று வாங்க மறுத்தார்கள், 1864இல் அரசே 26,800 டாலருக்கு ஏலத்தில் எடுத்தது. மேரியின் ஆயுள் உரிமை 1873இல் அவரோடு முடிந்ததும் பின்னுரிமைக்காரர் கஸ்டிஸ் லீ வழக்குப் போட்டார். 1882இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இந்த நாட்டில் சட்டத்துக்கு மேலான உயரத்தில் எந்த மனிதனும் இல்லை என்ற நீதிபதி மில்லரின் புகழ்பெற்ற வரி அந்தத் தீர்ப்பில்தான் வருகிறது. அடுத்த வருடம் நாடாளுமன்றம் அவருக்கு 150,000 டாலர் கொடுத்து நிலத்தை வாங்கிக்கொண்டது. 1757இல் உயில் இல்லாமல் செத்தவரின் வாரிசு வரிசை, ஒரு கண்ணிகூட அறாமல், கடைசிவரை தன் பங்கைப் பெற்றுக்கொண்டது.

அதே நிலத்தில் 17 ஏக்கர் மரியா சைஃபாக்ஸ் வசம் இருந்தது. கஸ்டிஸுக்கும் அவர் வீட்டு அடிமைப் பெண் ஒருவருக்கும் பிறந்தவர் மரியா, 1820களில் விடுதலையும் நிலமும் வாய்மொழியாகக் கிடைத்தது. கையில் பத்திரம் இல்லாததால் அரசு மொத்த ஆர்லிங்டனையும் எடுத்தபோது அந்த 17 ஏக்கரும் போய்விட்டது. அரசு வேலையில் இருந்த மகன் வில்லியம் அலையாய் அலைந்து 1866இல் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே போட வைத்து அதை மீட்டுக் கொடுத்தார்.

வெஸ்லி நாரிஸின் வாக்குமூலமும் அதே 1866இல்தான். கடைசிப் பத்தியில் அவர் சொல்கிறார்: நான் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை, வெள்ளையரும் கறுப்பரும் சேர்த்துக் குறைந்தது ஒரு டஜன் சாட்சிகளை எப்போது வேண்டுமானாலும் கொண்டுவருவேன், இப்போது ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அரசு வேலை பார்க்கிறேன், மேலும் விவரம் வேண்டுபவர்கள் அங்கே வந்து என்னைப் பார்க்கலாம், என் சகோதரி வாஷிங்டனில் பிரெஞ்சுத் தூதரிடம் வேலை செய்கிறாள், அவளும் சொல்வாள்.